வானில் முக்கால் மணி, தரையில் மூன்று மணி

திருவனந்தபுரம், மதுரை ஆகிய இரு விமான நிலையங்களையும் நிலப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அதன் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அக்கோடு நம் தென்காசியை ஒட்டியே செல்கின்றது. சிறிய விமானமும் இத்தொலைவை முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும்.

ஆனால் அக்கோட்டிற்கு அருகே, மலையடியில் வாழும் வடகரை மக்களின் கணக்கு வேறு. திருவனந்தபுரம் செல்வோர் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை எனக் கணவாய் வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். மதுரை செல்வோர்க்குப் புளியங்குடி, இராசபாளையம் வழியே சுமார் 150 கிலோமீட்டர். எவ்வழியாயினும் மூன்று மணி நேரமேனும் ஆகும்.

வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் நான்கு மணி நேரத்தில் கடலைக் கடந்து வந்துவிடுகின்றான். தாயின் உடலோ வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கின்றது. அடக்கத் திருப்பலிக்கு நேரம் குறிக்கும் நாம், விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தல் போதாது. ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பாதையில் பெய்யும் மழையையும் கணக்கிடல் வேண்டும். நள்ளிரவானாலும் வாகனத்தோடு சென்று, அவனை அழைத்து வரும் அயலாரும் வேண்டும்.

பங்கு மக்களே, இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றெனத் திருச்சபை கற்பிக்கின்றது. அவ்வடக்கத்திற்கு மகனை உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதும் அவ்விரக்கத்தின் பகுதியே அன்றோ!