நாடியும் நாவும்

46 வயதில் ஒரு மனிதன் திடீரென்று குதிக்க ஆரம்பித்தால் வீட்டில் உள்ளவர்கள் கவலைப்படுவது நியாயந்தான். அதிலும் அவன் இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கதை எழுதியே வயிறு வளர்த்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். வயிறு வளர்த்ததை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் குதித்ததற்குக் காரணம் இருந்தது. என் தகப்பனார் 51-ஆம் வயதில் காலமானார். ஒரு நாள் காலையில் பத்திரிகை படித்து முடித்துவிட்டு மாடிப்படி ஏறினார், ஒன்பதாவது படியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்கு 19 வயது. கல்லூரிப் படிப்பை அத்துடன் நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வீட்டில்தான் இன்னும் குடியிருக்கிறோம். 51 என்ற எண், வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்த கடன்காரனைப் போல, என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சென்ற வருஷம் ரத்த அழுத்தம் என்று சொல்லி டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கொஞ்சம் நடங்கள், சார்" என்றும் சொன்னார். நடந்தேன். ஆனால் எங்கள் தெருவில் நடப்பது என்றால் பத்தடிக்கு ஒருவர் நின்று, "அடுத்த நாவல் எப்போது?" என்று கேட்பார். அதைவிட வீட்டுக்குள் குதிப்பது மேல் என்று தோன்றிற்று. என் பெண் கைப்பேசியில் ஒரு பயிற்சியைக் காட்டினாள். 40 விநாடி உயிரைக் கொடுத்துக் குதிக்க வேண்டும். 20 விநாடி மூச்சு வாங்கலாம். மறுபடியும் குதிக்க வேண்டும். மொத்தம் 20 நிமிஷம். நாடித் துடிப்பை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம் ஒன்றையும் தன் சம்பளத்தில் வாங்கி என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

கணக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். 220-லிருந்து வயதைக் கழித்தால் இருதயம் அதிகபட்சமாக நிமிஷத்துக்கு எத்தனை முறை துடிக்கும் என்று தெரியுமாம். எனக்கு 174. கடுமையான பயிற்சி என்றால் அதில் 85 சதவிகிதம் வரை போகலாம், அதாவது 148. நானும் 148-ஐப் பரீட்சை மார்க் மாதிரி மனத்தில் வைத்துக்கொண்டு குதித்தேன்.

கடிகாரமோ 118-ஐத் தாண்ட மறுத்தது. 'இவ்வளவு சோம்பேறியான இருதயமா நமக்கு!' என்று வெட்கப்பட்டேன். மறுநாள் இன்னும் வேகமாகக் குதித்தேன். 119 வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் வேகம்.

பதின்மூன்றாம் நாள். சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "என்னங்க, சாம்பாருக்கு முருங்கைக்காயா, கத்திரிக்காயா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. மறுபடியும் கேட்டாள். கையை ஆட்டினேன். சமையலறைக்குள் இருப்பவளுக்குக் கை எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, வெளியே வந்துவிட்டாள். அதே சமயத்தில் நான் ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்தினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ளத் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் என் தகப்பனாரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒன்பதாவது படியை அவளுக்குத் தெரியும். சத்தம் போடவில்லை, அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை என்னுடையதைவிட வேகமாக நடுங்கிற்று.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், மற்றப் பரிசோதனைகளும் செய்தார். இருதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு என் மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அட்டெனலால் சாப்பிடுகிறீர்கள். இந்த வகை மாத்திரை இருதயத் துடிப்பை மட்டுப்படுத்தும். அதுதான் அதன் வேலை. நீங்கள் குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏன் ஓடவில்லை என்று சவுக்கால் அடித்திருக்கிறீர்கள்."

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அந்தக் காரியத்தை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இருதயத்துக்கு ஆபத்து. நிறுத்த வேண்டியது மாத்திரையை அல்ல, 148-ஐ."

கதை எழுதுகிறவனுக்கு எதற்கும் பூர்வகதை வேண்டும். அந்த 220-இன் பூர்வகதையையும் தேடிப் படித்தேன். வேதவாக்கு என்று நினைத்திருந்தேன். 1971-ல் வெளியான ஒரு கட்டுரையில், ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதுவரை வந்திருந்த சில ஆராய்ச்சிகளின் எண்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன உத்தேசக் கணக்கு அது. 2001-ல் டனாகா என்பவரும் அவருடைய சகாக்களும் 351 ஆராய்ச்சிகளைத் திரட்டி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பதே பொருத்தம் என்றார்கள். என் வயதுக்கு அது 176. வித்தியாசம் ஒன்றும் பிரமாதமில்லை. விஷயம் வேறு. எந்தக் கணக்கானாலும் அது பலருடைய சராசரி. மாத்திரையே சாப்பிடாத, ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள்கூட இருபது துடிப்பு வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஊரார் செருப்பின் சராசரி அளவு என் காலுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே!

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? ஸ்வீடன் தேசத்தில் குன்னர் போர்க் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்தார். உழைப்பு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று உழைக்கிறவனையே கேட்டு, 6 முதல் 20 வரை மார்க் போடச் சொன்னார். 6 என்றால் சும்மா இருப்பது. 13 என்றால் கொஞ்சம் கடினம். 17 மிகவும் கடினம். 20 என்றால் இதற்கு மேல் முடியாது. கடிவாளம் போட்ட இருதயக்காரனுக்குக் கடிகாரத்தைவிட இந்த மார்க்கே மேல் என்றார் டாக்டர். என்னை 13-ஐத் தாண்ட வேண்டாம் என்றார்.

இன்னும் சுலபமான வழி ஒன்றும் சொன்னார். பயிற்சி செய்யும்போது பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான பயிற்சி. நாலு வார்த்தை சொல்வதற்குள் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் அது கடுமையான பயிற்சி. வார்த்தையே வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஆனால் சட்டென்று நிற்கக் கூடாது. ஆட்டத்தில் கால்களுக்கு இறங்கிய ரத்தம் அங்கேயே தங்கிவிடும், தலை சுற்றும். எனக்கு நேர்ந்தது அதுதான். ஐந்து நிமிஷமாவது மெள்ள நடந்து அடங்க வேண்டும். வெயில் காலத்திலும் புழுக்கத்திலும் அதே உழைப்புக்கு இருதயம் அதிகம் துடிக்கும். ஆகையால் சித்திரை மாதத்தில் மார்கழிக் கணக்குச் செல்லாது.

கையால் நாடி பார்க்கவும் கற்றுக் கொடுத்தார். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்க வேண்டும். கட்டை விரலை வைக்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, நம்மை ஏமாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். நெஞ்சில் வலியோ பாரமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, மயக்கமோ வந்தால் மார்க்கும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒப்பித்தேன். பேசிப் பார்க்கும் பரீட்சையைக் கேட்டதும், "இதற்கு டாக்டர் வேணுமா? நீங்க பதில் சொல்லாதப்பவே எனக்குத் தெரிஞ்சுதே!" என்றாள்.

இப்போது தினமும் காலையில் நான் கூடத்தில் குதிக்கிறேன். அவள் சமையலறையிலிருந்து கேள்வி கேட்கிறாள். பால் கணக்கு, பெண்ணுக்கு வந்த வரன், என் கதையில் அவளுக்குப் பிடிக்காத இடம், எல்லாம் வரும். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் தாளிக்கிற சத்தம் கேட்கும். ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நிற்பாள். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

சென்ற வாரம் மாடியில் காயவைத்த வற்றலை எடுக்க இருவரும் போனோம். ஆறு, ஏழு, எட்டு என்று வழக்கம்போல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஒன்பதாவது படியில் கால் வைத்தபோது பின்னால் வந்தவள், "மழை வருமா, இன்னொரு நாள் காயட்டுமா?" என்றாள்.

"வானம் தெளிவாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு நாள் காயட்டும்" என்று முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பத்தாவது படிக்கு வந்திருந்தோம்.