ஜார்ஜ் டவுன்: ஒரே மேசை, இரண்டு தட்டு (பயணத் தொடர் – 4)

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போகிறவர்களை முதலில் அழைத்துப்போய் நிறுத்துகிற இடம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. பிட் தெரு என்பது அதன் பழைய பெயர். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவில் இறங்கியபின் குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் இந்தத் தெருவை ஒட்டித் தன் தெய்வத்துக்கு ஓர் இடம் தேடிக்கொண்டது. தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் முகைதீனின் முயற்சியில் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், குயின் தெருவைப் பார்த்து நிற்கும் 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில் ஆகிய நான்கையும் நடந்தே பார்த்துவிடலாம். நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாக்காரர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டிய தெருதான். ஆனால் நான்கு வழிபாட்டிடங்கள் அருகருகே நிற்பதற்கு நான்கு மனைகள் கிடைத்தாலே போதும். அவற்றுக்கு வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள் என்பதைக் கோபுரமும் மினாரும் சொல்லிவிடாது. அதைச் சாப்பாட்டு மேசையில்தான் பார்க்க முடியும். அதையும், நம்மைப் போலவே சாப்பிடாத ஒரு நண்பரோடு உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. என்னோடு வந்தவர் சைவம். நான் எதையும் சாப்பிடுவேன்.

இந்த ஊரின் சமையல் தெய்வங்களைவிடத் தாராளமாகக் கலந்தது. மாமாக் மீ கோரெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீ என்னும் மஞ்சள் நூடுல்ஸும், தவ்கே என்னும் பயறு முளையும் டோஃபுவும் சீனர்கள் கொண்டுவந்தவை. அவற்றை மிளகாய் விழுதோடும் உருளைக்கிழங்கோடும் கிளறி, எலுமிச்சை பிழிந்து தருகிறவர் தமிழ் முஸ்லிம். மலாய்ப் பழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினரின் நோன்யா வீட்டுச் சமையலில் மலாய்க்காரரின் செராய் என்னும் எலுமிச்சைப் புல்லும் பெலாச்சானும் சீனரின் பன்றி இறைச்சியோடு சேர்கின்றன. மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியில் கரைத்த அசாம் லக்சா இன்று எல்லாருக்கும் சொந்தம். ஆக, சமையல் எல்லா வேலிகளையும் தாண்டிவிட்டது. சாப்பிடுகிறவர்கள் அப்படித் தாண்டவில்லை. மலாய்க்காரர் பன்றியைத் தொடமாட்டார். தமிழ் இந்துக்களில் பலர் மாட்டை விலக்குவார்கள். தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலான சார் குவே தியாவின் மணமே பன்றிக் கொழுப்பில் இருக்கிறது என்பார் சீனர். கடற்கரை ஓரத்துக் கர்னி டிரைவ் உணவு வளாகத்தில் ஹலால் கடைகள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். தனியாகப் போகிறவர் தன் பக்கத்தில் வயிறாரச் சாப்பிட்டு, ஊர் முழுவதும் ஒன்று என்ற நினைப்போடு திரும்பிவிடலாம். சைவ நண்பரோடு போகிறவருக்கு அது முடியாது. வெறும் கீரைதானே என்று கேட்டால் அதிலும் பெலாச்சான். இறால் அரைத்துப் புளிக்கவைத்த அந்த விழுது எத்தனை சமூகங்களின் அடுப்பை ஒன்றாகக் கட்டியிருக்கிறது என்பது, அதைத் தவிர்க்க வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் உறைக்கிறது.

இத்தனை விலக்குகளுக்கு நடுவே ஊர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதை நான் எந்தக் கட்டடத்தையும்விட உயர்வாக மதிக்கிறேன். சீனக் காப்பிக்கடையான கோப்பித்தியாமில் கடைக்காரர் பெரும்பாலும் காப்பி, தேநீர் மட்டும் விற்பார். சுற்றிலும் ஆளுக்கொரு தள்ளுவண்டியோ அடுப்போ வைத்து மற்றவர்கள் வாடகைக்குத் தொழில் செய்வார்கள். மேசை பொது. நீங்கள் ஓர் அடுப்பில் சொல்லுங்கள், நண்பர் இன்னோர் அடுப்பில் சொல்லட்டும். இரண்டு தட்டும் ஒரே மேசைக்கு வரும், காசும் தனித்தனியே வாங்கிக்கொள்வார்கள். உன் விலக்கை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்பதில்லை. விலக்கோடு வா, உட்கார் என்கிற ஏற்பாடு இது. நாசி கண்டார் கடைகள் வேறொரு வகையில் இதையே செய்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடி போலத் தோளில் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தொழில், இன்று 1907-இல் தொடங்கிய ஹமீதியா போன்ற பெயர்பெற்ற கடைகளாக நிற்கிறது. அங்கே சோறு ஒன்று, மேலே ஊற்றும் குழம்பு அவரவர் விருப்பம். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே வரிசையில் நிற்பதை அங்கே காணலாம்.

இதற்கு மறுப்பு உண்டு. கோப்பித்தியாமில் பன்றி இறைச்சி அடுப்பு ஒன்று இருந்தால் முஸ்லிம்களில் பலர் அந்த மேசைக்கே வரமாட்டார்கள், அப்புறம் என்ன பொது மேசை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் மலாய்க்காரர்களும் அங்கே காப்பி குடிப்பார்கள் என்று மூத்தவர்கள் பேசுவதை இன்றும் கேட்கலாம். அந்த மேசை எல்லாரையும் சேர்த்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. நான்கு கோபுரங்களைச் சேர்த்து எடுத்த படம் அதைக் காட்டாது.

இன்னொரு மறுப்பு கட்டடங்களின் பக்கத்திலிருந்து வரும். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது இந்தப் பழைய நகரத்தைத்தானே, சாப்பாடு இன்று இருக்கும், நாளை மாறும் என்பார்கள். ஆனால் எது முதலில் போனது என்று பாருங்கள். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்ததும் வாடகை ஏறியது. தலைமுறைகளாகக் கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் பலர் நகரை விட்டுப் போனார்கள். முகப்புகள் நின்றன, சாயம் பூசிக்கொண்டன, விடுதிகளாகவும் காப்பி நிலையங்களாகவும் மாறின. குடியிருப்பவர் போனாலும் கட்டடம் நிற்கும். அடுப்புக்காரர் போனால் அடுப்பு நிற்காது. அதனால்தான் தெருக்கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருக்கக்கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2016-இல் தடையே போட்டது. கலந்து கலந்தே உருவான சமையலை ஆள் பார்த்துக் காப்பாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கு வங்காளதேசத்திலிருந்து வந்து கரண்டி பிடிப்பவர், ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவரின் இடத்தில்தான் நிற்கிறார். ஆனாலும் அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் கவலை உண்மையானது. பயணி முதலில் போய்ப் பார்க்க வேண்டியது எளிதில் மறைந்துபோகக் கூடியதைத்தான்.

சைவ நண்பரை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரச தேவர்களுக்கு உரியவை. சீனர்களில் நிறையப் பேர் அந்நாட்களில் சைவம் காப்பார்கள். கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். பெரும்பாலும் நம் நவராத்திரியும் அதே நாட்களில்தான் வரும். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சீனச் சமையல் தெருவெங்கும் கிடைக்கும் அந்த நாட்களில் விலக்கு வைத்திருப்பவர் உங்கள் நண்பர் மட்டுமல்ல, பாதி ஊரும்தான். மற்ற நாட்களில் போனால் செண்டோலுக்காக மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒன்றாகக் கூடும் கெங் குவீ தெருவுக்குப் போங்கள். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சை நூலிழைகளும் கலந்த இனிப்பு அது. அதில் யாருக்கும் விலக்கு இல்லை, இருவரும் ஒரே கிண்ணத்தையே வாங்கலாம். அடுத்த பகுதியில் ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் இருக்கும் கெக் லோக் சி கோயிலுக்கு ஏறுவோம்.