ஒரு வாளி கூடுதலாக

அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பினோம். மதுரையில் ஏறிய பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, வெளியே பார்க்காமலே வந்தாள். அத்தை கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே மடியில் இருந்தது.

மண்டபம் தாண்டியதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதியது வந்தது. கப்பலுக்கு வழிவிடப் பழைய பாலத்தை ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள். புதியதில் 72 மீட்டருக்கும் மேல் நீளமான நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயர்ந்துவிடுகிறது. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. எதிர் இருக்கைச் சிறுமி உரிமையோடு அம்மாவின் மடியில் ஏறி நின்று, “பாட்டி, ரெண்டு பக்கமும் கடல்!” என்று கத்தினாள். அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்ளத் திரும்பிய அம்மா, அப்போதுதான் கடலைப் பார்த்தாள்.

மறுநாள் விடியலில் அக்னி தீர்த்தம். கடல்தான் என்றாலும் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. கரையெங்கும் எள்ளும் தர்ப்பையும் பிண்டமுமாகக் குடும்பங்கள். மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிவந்த தம்பிக்கு, அப்பாவின் பெயர் வந்த இடத்தில் குரல் எழவில்லை.

அங்கிருந்து ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும், பெரும்பாலும் கிணறுகள். கிணற்று விளிம்பில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியை விட்டு, வெடுக்கென்று இழுத்து, வரிசையாகத் தலைகளில் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். முதல் வாளிக்கே அத்தை அலறினாள். கல்தரை வழுக்குவதால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். ஓடிய ஓட்டத்தில் அம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. சங்கு தீர்த்தத்தில் வாளிக்காரர், “பெரியம்மாவுக்கு ஒண்ணு கூடுதலா!” என்று முழு வாளியையும் கவிழ்க்க, அம்மா சிரித்துவிட்டாள்.

அப்பா போனபிறகு நாங்கள் கேட்காத சத்தம் அது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். அத்தைதான் பேசினாள்: “சிரிங்க மதினி. அண்ணன் இருந்தா இன்னொரு வாளி ஊத்தச் சொல்லியிருக்கும்.”

கடற்கரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் கிணற்றடியிலும் நின்றன. குளிரில் கூச்சல் போட்டு, புரையேறி, சிரித்துக்கொண்டிருந்தன. இந்த வரிசையை வகுத்தவர்கள் விவரமானவர்கள். மனசைத் தேற்ற யாரும் உபதேசம் செய்வதில்லை. தண்ணீரை ஊற்றுகிறார்கள், உடம்பு தானாகச் சிலிர்த்துக்கொள்கிறது. அதனால் துக்கம் தீர்ந்துவிடவில்லை. அறைக்கு வந்து தலை துவட்டும்போது அம்மா மறுபடி அழுதாள். ஆனால், அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிற்பகலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாசஞ்சர் ரயிலோடு ஊரே போனது. தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. குடியிருக்க லாயக்கில்லை என்று அரசு கைவிட்ட அந்த மணலில் மீனவர்கள் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். “குடிச்சுப் பாருங்க, கரிக்காது” என்று நீட்டினார். கரிக்கவில்லை.

சாலையோரக் கடையில் மீன் பொரியும் வாசனைக்குத் தம்பியின் கால் நின்றுவிட்டது. “திதி அன்னிக்கா? நடடா” என்று அதட்டிய அம்மா, நாலடி போய்த் திரும்பினாள். “உங்கப்பாவா இருந்தா திதியாவது ஒண்ணாவதுன்னு இந்நேரம் உக்காந்திருப்பாரு.” சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

அடுத்த நாள் ரயிலுக்கு நேரமிருந்ததால் அந்தக் கடைக்கே போனோம். காரம் தூக்கல் என்று கடைக்காரரிடம் குறை சொன்ன அம்மா, இன்னொரு துண்டும் வைக்கச் சொன்னாள்.