யாருக்கு அழுவுறான்?

பிப்ரவரி 9
பாத்தியை மிதித்து இறுக்கும் வேலைதான் நடக்கிறது. உப்பு வார இன்னும் நாளாகும். மூட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த நாட்களில் கொட்டகையில் ஈ ஓட்டுவதுதான் உத்தியோகம். லோடு ஏற்றும் பையன் ஒரு பக்க இயர்போனை என் காதில் சொருகினான். பாடுவது ராப்பர் அறிவு. 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ டீக்கடை டீக்கடையாக ஓடி அலுத்துப்போன குரல்தானே என்றிருந்தேன். இது வேறு. 2024-இல் வந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பமாம். வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பியவர். பாட்டி பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ராப் பாட வந்திருக்கிறார். பிடித்துவிட்டது. பையனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12
“இதே மாதிரி இன்னும் யாருடா இருக்காங்க?” என்று நானே கேட்டுவிட்டேன். செயலி வரிசையாகத் தள்ளியது: கல்யாண மண்டபக் குத்து, கார் பாட்டு, காதல் தோல்வி. “பீட்டு ஒண்ணுதான்ணா, ஆளுங்கதான் வேற” என்றான் பையன். அந்த இயந்திரத்துக்குத் தாளம் தெரிகிறது. தொண்டை எங்கே தழுதழுக்கிறது என்பது தெரியவில்லை.

பிப்ரவரி 15
நாங்களே தேடுகிறோம். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா: 2006-இல் வந்த ‘வல்லவன்’. தமிழ் ராப்புக்கு வாசல் திறந்தவர்கள். ஆனால் அந்த ஆல்பம் நெஞ்சு நிமிர்த்திப் பேசுவது. எனக்கு வேண்டியது தோள் சாய்கிற குரல். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய குழு. அதிலும் அறிவு உண்டு, அதனால் அது ஒரே வீட்டுச் சொந்தம். கானாவும் ராப்பும் ஒரே மேடையில் நின்றதைக் கேட்டபோது பாதி வழி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரி 21
ஷான் வின்சென்ட் டி பால். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே கனடா போனவர். யான்சன் மிருதங்கம் வாசிக்க, இவர் அதன் மேல் சொற்களை அடுக்குகிறார். ஆங்கிலத்தில் பத்துக்கு எட்டு எனக்குப் பிடிபடவில்லை. பையனுக்கும்தான். ஆனாலும் இருவரும் அதை மூன்று தடவை கேட்டோம். ‘சார்பட்டா பரம்பரை’ படத்தின் ‘நீயே ஒளி’யில் நவ்ஸ்-47 உடன் பாடியதும் இவரே. இவரிடமிருந்து திருச்சூர் வேடன். பாடுவது மலையாளம், அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அறிவின் பாட்டி, வேடனின் அம்மா என்று சுற்றிச் சுற்றி அந்தக் கடலைத் தாண்டி வந்த பெண்களிடமே போய் நிற்கிறோம். தேடியது பாட்டை, கிடைப்பது குடும்ப வரலாறு.

மார்ச் 3
விடிவதற்கு முன்பே வாரத் தொடங்கியாயிற்று. வெயில் ஏறினால் உப்பின் பளபளப்பு கண்ணைப் பிடுங்கும். கணக்கு எழுதும்போதே ஒன்று உறைத்தது. எங்கம்மா ஒப்பாரி வைக்கும்போது இந்த ராப்பில் கேட்பதைத்தானே செய்வாள்! செத்தவர் பெருமை, வாங்கிய சீலை, கட்டாத வீடு என்று மூச்சு விடாமல் கொட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு “அம்மா...”வை இழுத்து விடுவாள். வேகமாகச் சொல்லித் தீராததை ராகம் வாங்கிக்கொள்ளும். இந்த ராப்புக்காரர்கள் பேச்சிலிருந்து பாட்டுக்கு நழுவும் இடமும் அதுவே.

மார்ச் 9
பையன் அம்மாவிடம் வந்து, “ஆயா, ஒப்பாரி ஒண்ணு பாடேன், போன்ல புடிச்சிக்கிறேன்” என்றான். துடைப்பத்தைத் தூக்கினாள். “சாவு வுழாத வூட்ல ஒப்பாரி பாடச் சொல்றியா?” நாற்பது வருடம் உப்பள வேலை; பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அவனைத் திட்டி முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். நன்றாகக் கேட்கும் வலது காதில் வேடனைப் போட்டுவிட்டேன். ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்:

“யாருக்கு அழுவுறான்டா இவன்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேற்கே மேகம் கட்டியது. குவித்த உப்பின் மேல் கீற்றுப் போட நானும் பையனும் ஓடினோம். போன் அம்மாவிடமே இருந்தது.