திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

'பாசமலர்' பார்த்து அழாதவர்கள் எங்கள் ஊரில் இரண்டு வகை. ஒன்று, கல்நெஞ்சுக்காரர்கள். மற்றது, எங்கள் வீட்டார். எங்கள் வீட்டார் அழாததற்குக் காரணம், படமே பார்க்காததுதான். திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்து எடுக்கிறவன் சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்கக் கூடாது என்பது தேரிக்காட்டுப் பக்கத்துச் சபைகளில் எழுதாத சட்டம். மீறிப் போனவனை ஐயர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் இழுப்பார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, எல்லாத் தலைகளும் சரியான ஆளைப் பார்த்துத்தான் திரும்பும்.

அந்தப் பாசமலரை எடுத்த ஏ. பீம்சிங்தான் பின்னாளில் எங்கள் ஊரையே கோயில் முற்றத்து மணலில் உட்காரவைத்து அழவிட்டார். படத்தின் பெயர் 'கருணாமூர்த்தி'. 1978 டிசம்பரில் தெலுங்கில் 'கருணாமயுடு' என்று வெளிவந்த இயேசு வரலாற்றின் தமிழ் டப்பிங். அது வெளிவந்தபோது பீம்சிங் உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இந்த விவரமெல்லாம் பட்டணத்துக்கு வந்து, சினிமாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு சேர்ந்தவை. அன்றைக்கு எங்களுக்கு அது 'இயேசு படம்', அவ்வளவுதான்.

சாயங்காலமே வேன் வந்துவிடும். கோயில்பிள்ளை இரண்டு கம்புகளை நட்டுத் திரையை இழுத்துக் கட்டுவார். கீழ் ஓரத்தில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். அப்படியும் கடற்காற்று விடாது. திரை உப்பும்போது பிலாத்துவின் வயிறும் சேர்ந்து உப்பும், பையன்கள் சிரிப்பார்கள், உபதேசியார் அதட்டுவார். ஓலைப்பாய் விரித்து இடம் பிடிப்பதற்கு வெயில் தாழும் முன்பே சிறுவர்கள் போய்விட வேண்டும். கோயிலுக்குள் இருப்பது போலவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஜெனரேட்டர் கோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்துப் பக்கமாக உறுமிக்கொண்டிருக்கும். இருப்பது ஒரே ஒரு பதினாறு எம்.எம். புரொஜெக்டர். ஆகவே ஒரு சுருள் முடிந்தால் படம் நிற்கும். அந்த இடைவெளியில் உபதேசியார் மைக்கைப் பிடித்து அதுவரை பார்த்ததற்கு வியாக்கியானம் சொல்லுவார். ஒளிக்கற்றையில் ஈசலும் பூச்சியும் சுற்றும். சுக்குக் காப்பி விற்கிறவர் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார். ஜனங்கள் யார் சொல்வதைக் கேட்டார்கள் என்பது தெரிந்த விஷயம்.

உதடுகள் தெலுங்கு பேசும், குரல் தமிழ் பேசும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விவிலியமே வேற்றுமொழியிலிருந்து வந்ததுதானே என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

கோயில் காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம், தெருவில், திரைக்குப் பின்புறமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சபையைச் சேராதவர்கள், மேலத்தெருக்காரர்கள், அம்மன் கோயில் பக்கத்து ஆட்கள். உள்ளே வாருங்கள் என்று உபதேசியார் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார். ஆனாலும் வரமாட்டார்கள். அதில் தயக்கம் எவ்வளவு, சாதித் தடுப்பு எவ்வளவு என்று இன்றைக்கு யோசித்தால் அந்த மணல்மேடு அவ்வளவு இனிமையாக இல்லை. கிறிஸ்துவின் சபைக்கு இடுப்பளவுச் சுவரும் உயரம்தான்.

சிறுவர்களுக்குச் சுவர் கிடையாது. நாங்கள் இரண்டு பக்கமும் ஓடிப் பார்ப்போம். பின்பக்கம் படம் கொஞ்சம் மங்கல். இடம் வலம் மாறித் தெரியும். அந்தப் பக்கத்து இயேசு இடது கையால் குருடனைத் தொடுவார், இடது கையால் அப்பம் பிட்பார். மேலத்தெருக் கிழவி ஒருத்தி யூதாஸ் முத்தமிடும் இடத்தில் எழுந்து நின்று, "கூட இருந்து சோறு தின்னுட்டுக் காட்டிக் குடுத்துட்டானே, வெளங்குவானா?" என்று மண்ணை வாரி இறைத்தாள். சிலுவையில் அறையும்போது மார்பில் அடித்துக்கொண்டாள். பயந்துபோன என் அண்ணன், "ஆச்சி, மூணாம் நாள் உயிரோட எந்திரிச்சிருவாரு, அழாதிய" என்றான். கிழவி மூக்கைச் சிந்திவிட்டு, "ஏலே, அத முதல்லயே சொல்லக் கூடாதால? இந்த அழுகை அழுதிருக்கேன்" என்றாள். நான் பிறகு கேட்ட எத்தனையோ ஈஸ்டர் பிரசங்கங்களில் உயிர்த்தெழுதல் அவ்வளவு புதுச் செய்தியாக யார் காதிலும் விழுந்ததில்லை.

இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். அதே விஜயசந்தர் 1986இல் ஷீரடி சாயிபாபாவாக நடித்தார். இதை எங்கள் சபையில் அப்போது யாராவது சொல்லியிருந்தால் கலகம் வந்திருக்கும். எனக்கோ இப்போது அது மிகச் சரியாகத் தோன்றுகிறது. நம் சினிமாவில் விசுவாசம் அப்படித்தான் வீடு மாறி வீடு போய்க்கொண்டிருந்தது. 1948இல் சிட்டாடல் நிறுவனம் 'ஞானசௌந்தரி' எடுத்தது. நாடகமேடைகளில் பழகிய கத்தோலிக்கக் கதை. கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம், மூன்று வருடம் முன்னால்தான் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக வந்தவர். இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அதே கதையை ஜெமினியில் எஸ்.எஸ். வாசனும் எடுத்தார், ஓடவில்லை, படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாசனையே தோற்கடித்த படம் என்றால் சும்மாவா?

அந்தப் படத்தில் தேவமாதாவை வேண்டும் பாட்டு ஒன்று உண்டு. சிறுமியின் குரலில் ஜிக்கி தொடங்குவார். பாட்டு நடக்கும்போதே பிள்ளை வளர்ந்து பெரியவளாகி பி.ஏ. பெரியநாயகியின் குரலுக்கு மாறிவிடுவாள். எங்கள் ஆச்சி சீர்திருத்தச் சபைக்காரி, மாதாவிடம் வேண்டுதல் செய்வது தவறு என்று அடித்துப் பேசுவாள். அப்படிப் பேசிவிட்டு ஆட்டுரலில் உட்கார்ந்தால் அந்தப் பாட்டைத்தான் முனகுவாள். கொட்டகை வாசலை மிதிக்காதவளுக்கு எங்கிருந்து வந்தது? டூரிங் டாக்கீஸ்காரன் டிக்கெட் கொடுக்கும் முன்பு குழாய் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு ஒன்று, நாகூர் ஹனிபா ஒன்று, மாதா பாட்டு ஒன்று போடுவான். காற்று அதை எங்கள் முற்றம்வரை கொண்டுவந்தது. சபைச் சட்டம் காலைக் கட்டியது, காதைக் கட்ட முடியவில்லை.

இதில் புதுமையும் இல்லை. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் இருந்துகொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறவஞ்சி அன்றைக்கு ஊர் கூடி ரசித்த ஆட்டம், அந்தக் காலத்துச் சினிமா. குறத்தி குறிசொல்லும் கூத்துக்குள் கிறிஸ்துவைக் கொண்டுவர அவருக்குக் கூச்சமில்லை. கண்ணதாசன் சினிமாவுக்குப் பாட்டெழுதிய அதே பேனாவால் 'இயேசு காவியம்' எழுதினார். அவர் போன பிறகு 1982இல் திருச்சி கலைக்காவிரி அதை வெளியிட்டது. ஊர்ப் பொதுவில் புழங்கும் வடிவத்துக்குள் சுவிசேஷம் இறங்கி நடந்த காலங்கள் உண்டு.

பீம்சிங்கே 'கருணாமூர்த்தி'க்கு முன் 1961இல் 'பாவ மன்னிப்பு' எடுத்தவர். இந்துவாகப் பிறந்து முஸ்லிம் வீட்டில் வளரும் சிவாஜி, கிறிஸ்தவர் வீட்டில் வளரும் மேரியாக தேவிகா. அதில் எஸ்.வி. சுப்பையா செய்த ஜேம்ஸ் என்ற கிறிஸ்தவர் ஒரு முழு மனிதர். பிறகு வந்த தமிழ்ப் படங்களில் கிறிஸ்தவர் என்றால் மெழுகுவர்த்தியும் வெள்ளை கவுனும் பியானோவும்தான். விதிவிலக்குகள் உண்டு, பாரதிராஜாவின் 'கடலோரக் கவிதைகள்' டீச்சரை நான் மறக்க மாட்டேன். ஆனால் பாரதிராஜாவே 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' முடிவில் பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றி எறியவைத்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு மாதம் அதுவே பிரசங்கம். படம் பார்க்காமலே கண்டித்தார்கள். பார்த்திருந்தால் நல்ல கேள்வி ஒன்றாவது கேட்டிருக்கலாம்: இரண்டையும் எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

வெளியாட்கள் எடுத்த இயேசு படங்கள் உள்ளாட்கள் எடுத்தவற்றைவிட நன்றாக இருப்பது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. இத்தாலியில் பசோலினி கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியர். 1964இல் மத்தேயு சுவிசேஷத்தைப் படமாக்கினார். நடிகர்களைத் தேடாமல் தெற்கு இத்தாலியின் ஏழை ஜனங்களை நிறுத்தினார், முதிய மரியாளாகத் தன் சொந்தத் தாயையே நடிக்கவைத்தார். மகனைப் பறிகொடுக்கும் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு மேலத்தெருக் கிழவி ஞாபகம்தான் வந்தது. பட்டணத்துத் திரைப்படச் சங்கத்தில் எல்லோரும் மௌனமாக, கலைப்படம் பார்க்கிறோம் என்ற மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். மண்ணை வாரி இறைக்க அங்கே மண் இல்லை.

இப்போது எதற்கும் குறைவில்லை. இருபத்துநாலு மணிநேரமும் ஊழியக்காரர்கள் பேசும் டிவி இருக்கிறது. கோயிலுக்குள்ளேயே எல்இடி திரை வந்துவிட்டது. என் மகள் அலுவலகம் போகும் மின்ரயிலில் 'தி சோசன்' தொடர் பார்க்கிறாள். நானும் பார்த்தேன். ஜோனதன் ரூமி சிரிக்கிற இயேசுவாக வருகிறார், நன்றாகத்தான் இருக்கிறது. படத்தைக் குறை சொல்லவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யூதாசைத் திட்ட முடியாது, அதுதான் என் குறை. பக்கத்து இருக்கைக்காரருக்கு மகள் என்ன பார்க்கிறாள் என்றே தெரியாது. சபையின் திரை சபைக்கு உள்ளே திரும்பிவிட்டது, அதன் பின்பக்கம் இப்போது சுவர்.

சுவரை எழுப்பியது காலம் மட்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. பிறர் நம்மைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதும் உண்மை, நாம் நமக்குள்ளேயே பேசிப் பழகிவிட்டதும் உண்மை. தெருவில் படம் போட இன்றைக்கு அனுமதி வாங்கும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அசன விழாவுக்குப் பந்தி போட்டு ஊரையே சாப்பிடக் கூப்பிடுகிற சபைகள், அன்றிரவு ஒரு திரை கட்ட யோசிப்பானேன்?

கடைசியாக, தென்மாவட்டச் சபைக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாதிரியார் பங்களாவிலோ பள்ளிக்கூட அலமாரியிலோ பழைய புரொஜெக்டரும் படச்சுருள் பெட்டிகளும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் சுருள் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது மற்றச் சுருள்களையும் கெடுக்கும், தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தைச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். நிறம் வெளிறிச் சிவப்பேறியிருந்தாலும் படம் இன்னும் படம்தான்.