கோகினூர் விளையாட்டும் மெய்யான சரித்திரமும்

கணினி விளையாட்டு என்றதுமே பெற்றோர் பலர் முகம் சுளிப்பதுண்டு. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எனினும், ஒரு நூலை முழுவதும் படித்த பின்னரே அதன் தரத்தைச் சொல்வது எப்படி முறையோ, அப்படியே ஒரு விளையாட்டையும் இறுதிவரை ஆடிப் பார்த்த பின் எடைபோடுவதே முறை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த என் மகன், கோடை விடுமுறையில் சரித்திரக் கதையொன்றைக் கொண்ட விளையாட்டை ஆடத் தொடங்கியபோது, நானும் அவன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். மணலியில் ஆலைப் பணி முடிந்து வீடு திரும்பும் மாலைகளில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எனப் பத்து நாட்களில் அதை முடித்தோம்.

அந்த விளையாட்டின் பெயர் ‘அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா’. பிரான்சு நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனத்துக்காக இங்கிலாந்தின் கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இது, 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. கதை நிகழும் ஆண்டு 1841. பஞ்சாபின் சிங்கம் எனப் புகழப்பட்ட மகாராஜா ரஞ்சித் சிங் 1839-இல் மறைந்துவிட்டார். அவரது அரசின்மீது கிழக்கிந்தியக் கம்பெனியின் பார்வை விழுந்திருக்கிறது. அர்பாஸ் மீர் என்னும் வீரன், தன் நண்பர்களையும் காதலியான இளவரசியையும் காத்து, கோகினூர் வைரம் பகைவர் கையில் சிக்காதவாறு போராடுகிறான். வீரனும் இளவரசியும் கற்பனை. அரசும் வைரமும் மெய்.

முதலில் இதன் சிறப்புகளைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு இது பெருவிருந்து. பாத்திரங்கள் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்தபோது, சிறுவயதில் கண்ட தோல்பாவைக் கூத்தே என் நினைவுக்கு வந்தது. பின்னணியில் கோட்டைகளும் மாடங்களும் வண்ணக் கோலங்களோடு விரிகின்றன. நம் நாட்டு மண்ணையும் நம் நாட்டு வீரனையும் நடுவில் வைத்துக் கதை சொல்ல அயல்நாட்டார் முன்வந்ததும் பாராட்டத்தக்கதே.

இரண்டாவது சிறப்பு என்னை வியக்க வைத்தது. காவலர்கள் நிறைந்த ஓரிடத்தைக் கடக்க இதில் மூன்று வழிகள் உண்டு. வாளெடுத்துச் சண்டையிடலாம், ஓசையின்றிக் காவலரை வீழ்த்தலாம், எவர் கண்ணிலும் படாமல், எவரையும் தொடாமல், நிழல்போல் கடந்து செல்லலாம். இவற்றுள் மிகுந்த மதிப்பெண் நிழல்போல் கடப்பவனுக்கே. முதல் இரண்டு நாள் என் மகன் பாய்ந்து பாய்ந்து சண்டையிட்டான். மீண்டும் மீண்டும் வீழ்ந்தான். மூன்றாம் நாள், காவலன் திரும்பும் நேரத்தை எண்ணிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னே மூச்சடக்கிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். கொலையைத் தொழிலாகக் கொண்ட ஒருவனைக் கதாநாயகனாக்கிய விளையாட்டு, கொல்லாமல் செல்பவனுக்கே பெரும் பரிசு வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. ஆயினும் எல்லாக் கட்டங்களிலும் இரத்தம் சிந்தாமல் செல்ல இயலாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளம் பிள்ளைகளின் கையில் கொடுக்க இது ஏற்றதன்று.

குறைகளுக்கு வருவோம். இளவரசி பெரும்பாலும் பிறரால் காக்கப்பட வேண்டியவளாகவே வருகிறாள். கதையும் மெலிந்தது, ஓட்டத்துக்கும் தாவலுக்கும் இடையே செருகப்பட்ட சில காட்சிகளோடு நின்றுவிடுகிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் விவாதித்தது வேறொன்றைப் பற்றி.

இந்த விளையாட்டு வரிசை முழுவதிலும் பகைவராக வருவோர் டெம்ப்ளர்கள் என்னும் இரகசியக் கூட்டத்தார். ஒருநாள் என் மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “அப்பா, இந்த டெம்ப்ளர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்று படித்தேன். இவ்வளவு கொடியவர்களா இருந்தார்கள்?” என்று கேட்டான். அவன் கேட்ட குரலில் விளையாட்டு இல்லை. ‘அதெல்லாம் பொய், பேசாமல் ஆடு’ என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியும் அன்று அது. அன்று மாலை ஆட்டம் அத்துடன் நின்றது. இருவரும் படிக்கத் தொடங்கினோம்.

டெம்ப்ளர்கள் 1119-ஆம் ஆண்டளவில் எருசலேமில் தோன்றிய துறவற வீரர்கள். திருநாட்டுக்குச் செல்லும் பயணிகளைக் காப்பது அவர்களது பணி. காலப்போக்கில் செல்வமும் செல்வாக்கும் சேர்ந்தன. அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப், 1307 அக்டோபர் 13 அன்று தன் நாட்டிலிருந்த டெம்ப்ளர்களைக் கைது செய்தான். வதைத்துப் பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு அவர்கள்மீது பதிதக் குற்றம் சுமத்தினான். பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து 1312-இல் அச்சபையைக் கலைத்தார். அதன் தலைவர் ஜாக் தெ மொலே 1314-இல் பாரிசில் எரிக்கப்பட்டார். ஆனால் 1308-லேயே, சினோன் கோட்டையில் நடந்த விசாரணைக்குப் பின், அச்சபைத் தலைவர்களுக்குப் பாப்பரசரின் பெயரால் பாவமன்னிப்பு அளிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டும் ஏடு வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் 2001-இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

இதைப் படித்ததும் என் மகன், “அப்படியானால் பாப்பரசர் ஏன் அரசனுக்குப் பணிந்தார்?” என்றான். அரசனின் நெருக்குதலை அவரால் தாங்க முடியவில்லை என்றேன். டெம்ப்ளர்கள் எல்லோரும் புனிதர்கள் என்றும் நான் அவனிடம் சொல்லவில்லை. சிலுவைப் போர்களில் சிந்திய இரத்தத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் 1841-இல் பஞ்சாபில் டெம்ப்ளர் எவரும் இருந்ததில்லை. அது எழுதியவர்களின் கற்பனை. மறுபக்கத்து ‘அசாசின்’ கதையும் அப்படியே. பாரசீகத்திலும் சிரியாவிலும் வாழ்ந்த நிசாரி இஸ்மாயிலி மக்களைப் பற்றிப் பகைவரும் பயணிகளும் கட்டிய கதைகளே அந்தப் பெயருக்குப் பின்னே நிற்கின்றன. அச்சமூகத்தார் இன்றும் நம் நாட்டில் அமைதியாக வாழ்கிறார்கள். நம்மைப் பற்றிய புனைவு நமக்கு வலித்தால், அவர்களைப் பற்றிய புனைவும் அவர்களுக்கு வலிக்குமல்லவா?

மெய்யாக வாழ்ந்த இருவரும் இதில் டெம்ப்ளர்களாக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் வில்லியம் ஸ்லீமன். தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞரை ஒடுக்கியவர் என்று பெயர் பெற்றவர். 1828-இல் ஜபல்பூரில், இந்தியாவின் முதல் டைனோசர் புதைபடிவங்களைக் கண்டெடுத்தவரும் அவரே. கம்பெனி அதிகாரியாக இருந்தும், அயோத்தி அரசைக் கம்பெனி விழுங்கிவிடக் கூடாது என்று வாதிட்டவர். மற்றவர் அலெக்சாண்டர் பர்ன்ஸ்; 1841 நவம்பர் 2 அன்று காபூலில் மக்கள் கூட்டத்தால் கொல்லப்பட்டவர். இவர்கள் அந்நிய ஆட்சியின் ஊழியர்கள். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் பல உண்டு. ஆனால் மாயக்கல்லைத் தேடும் இரகசியக் கூட்டத்தாராக அவர்களை மாற்றியதும், கம்பெனியார் செய்த மெய்யான காரியங்கள் திரைக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன.

அந்த மெய்யான காரியம் என்ன? விளையாட்டில் கோகினூர் மாயசக்தி கொண்ட கல். சரித்திரத்தில் அது ஒரு சிறுவனிடமிருந்து பறிக்கப்பட்ட கல். ரஞ்சித் சிங்கின் இளைய மகன் துலீப் சிங்கிடமிருந்து அவனுடைய தாய் ஜிந்த் கவுரை 1847-இல் ஆங்கிலேயர் பிரித்தனர். 1849 மார்ச் 29 அன்று, பத்து வயதுச் சிறுவனாக, அவன் லாகூர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டான். நாடும் போயிற்று, வைரமும் போயிற்று. விக்டோரியா அரசியாரிடம் 1850-இல் சேர்ந்த அந்தக் கல், 1852-இல் மீண்டும் பட்டை தீட்டப்பட்டு, 186 காரட்டிலிருந்து ஏறக்குறைய 106 காரட்டாகச் சுருங்கியது. இன்று இலண்டன் கோபுரத்தில் ஒரு மணிமுடியில் இருக்கிறது. தாயும் மகனும் மீண்டும் சந்தித்தது 1861-இல், கல்கத்தாவில். இடையில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இதை நான் படித்துக் காட்டியபோது, சமையலறையிலிருந்த என் மனைவி வெளியே வந்து நின்று கேட்டாள். என் மகன் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பத்து நாள் ஆடிய விளையாட்டில் எந்தக் கட்டமும் அவனை அப்படி மௌனமாக்கியதில்லை.

பிறகு, “நம் பக்கத்தில் இப்படிச் சரித்திரம் ஏதும் இல்லையா?” என்று கேட்டான். 1914 செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு முன் வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்ததைச் சொன்னேன். ‘அவன் சரியான எம்டன்’ என்று பாட்டி சொல்வது இதனால்தான் என்று அறிந்து சிரித்தான். நாள்தோறும் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தீயைக் கற்பனை செய்ய விளையாட்டுத் திரை தேவைப்படவில்லை.

ஆகவே என் மதிப்பீடு இது. அழகுக்கும், பொறுமைக்கு அளிக்கும் பரிசுக்கும் இந்த விளையாட்டு நல்ல மதிப்பெண் பெறுகிறது, கதையில் நடுத்தரம், சரித்திரத்தில் தேறாது. ஆயினும், தேறாத அந்தப் பாடமே எங்களைப் புத்தகங்களிடம் அனுப்பியது. அருகில் ஒருவர் அமர்ந்திராவிட்டால், டெம்ப்ளர் கதையே என் மகனின் உள்ளத்தில் உண்மையாகக் குடியேறியிருக்கும். பெற்றோர்களே, பிள்ளைகள் ஆடுவதைத் தடுக்குமுன் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு, ஒரு நாள் தாமதமானாலும், மெய்யான விடையைத் தேடிக் கொடுங்கள்.

விளையாட்டு முடிந்த மறுவாரம், பதினோராம் வகுப்பில் வரலாற்றுப் பாடப்பிரிவில் சேரலாமா என்று என் மகன் கேட்டான். ஆலைகள் சூழ்ந்த எங்கள் ஊரில், பையன்கள் டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ படித்தால் வேலைக்கு வழியுண்டு என்பதே பேச்சு. உறவினரும் அதையே சொல்கிறார்கள். அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுக்க ஒரு வாரம் இருக்கிறது; அதற்குள் நானும் என் மனைவியும் பேசி முடிவு செய்யவேண்டும்.