ஒளித்து வைத்த கவிதைகள்

சின்னத்திரைத் தொடர்களைப் பற்றி நாம் இதுவரை எழுதியதில்லை. எழுதத்தக்கதாக ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று நம்பியதுமில்லை. அண்மையில் 'ரெஸ்க்யூ மீ' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தபின் அந்த இறுமாப்பு சற்றே தளர்ந்தது.

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் அலைவரிசையில் 2004 ஜூலையில் தொடங்கி 2011 செப்டம்பரில் நிறைவுற்ற தொடர் இது. நியூயார்க்கின் தீயணைப்பு நிலையம் ஒன்றே களம். 2001 செப்டம்பர் 11 அன்று அந்நகரத் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. மாண்டவர்களின் வீரத்தைப் பாடுவதன்று தொடரின் நோக்கம். அதன்பின்னும் நாள்தோறும் பணிக்கு வந்தாக வேண்டியிருந்தவர்களைப் பற்றியது அது.

டாமி கேவின் என்னும் மூத்த வீரன் புதிய வீரர்களின் முன் நின்று உரையாற்றுகிறான். அன்று மாண்டவர்களில் அறுபது பேரைத் தனக்குத் தெரியும் என்கிறான். தன் நிலையத்தைச் சேர்ந்த நால்வரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்தம் உடலில் என்ன கிடைத்தது என்று கணக்கு ஒப்பிக்கிறான். உயிர்த்தோழனும் உறவினனுமான ஜிம்மியின் உடலில் கிடைத்தது ஒரு விரல் மட்டுமே. டாமியின் குரலில் அழுகை இல்லை; வசைதான் இருக்கிறது. பின்னர் அதே ஜிம்மி ஆவியாக வந்து அவனோடு பேசுகிறான். உயிரோடிருப்பவர்களிடம் சொல்லவியலாததை டாமி அவனிடம்தான் சொல்கிறான்.

பீட்டர் டோலனுடன் இணைந்து இத்தொடரை உருவாக்கி, டாமியாக நடித்தவரும் டெனிஸ் லியரியே. 1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கொன்று தீப்பற்றியது. உள்ளே இருவர் சிக்கியிருப்பதாக எண்ணித் தேடிச் சென்ற வீரர்களில் இருவர் புகையில் வழி தவறினர். அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. முதலில் தேடப்பட்டவர்களோ முன்னரே வெளியேறியிருந்தனர். மாண்ட அறுவரில் ஒருவர் லியரியின் உறவினர். ஜிம்மியின் ஆவி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நிலையத்து வீரர்களின் கொச்சைப் பேச்சும் ஓயாத கேலியும் தொடக்கத்தில் நமக்கு உவப்பாக இல்லை. பேச்சு நின்றுவிட்டால் அவ்விடத்தில் எது வந்து அமரும் என்ற அச்சமே அவர்களை ஓயாமல் பேசவைக்கிறது என்பது மெல்லத்தான் விளங்கிற்று. அவர்களுள் லூ என்றழைக்கப்படும் துணைநிலை அதிகாரி, தொடரின் முதல் பருவத்தில், இரகசியமாகக் கவிதை எழுதுகிறார். தோழர்கள் அறிந்தால் நகைப்பார்கள் என்று ஒளித்து வைக்கிறார். பருத்த உடலும் முரட்டுப் பேச்சும் கொண்ட ஒருவர் கவிதை எழுதுவதைக் கண்டு நாமும் முதலில் நகைத்தோம்.

பிறகு நகைப்பு நின்றுவிட்டது. கையறுநிலை என்னும் துறையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர்கள் நாம். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குவது என்று இலக்கணம் கூறி, அதை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு அப்பாடத்தின் நடுவே மாணவன் ஒருவன் எழுந்து வெளியேறினான். ஒழுங்கீனம் என்று கடிந்துகொண்டோம். அவன் அண்மையில் தந்தையை இழந்தவன் என்பது பின்னரே தெரியவந்தது. தெரிந்தபின்னும் அவனை அழைத்துப் பேசவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

டாமிக்கும் தெரியவில்லை, ஆவியோடாவது பேசுகிறான். லூவுக்கும் தெரியவில்லை, எழுதியாவது ஒளித்து வைக்கிறார். இத்தனை இரங்கற் பாடல்களைக் கற்பிக்கும் நம்மிடம் அந்த மாணவனுக்குச் சொல்ல ஒரு சொல் இல்லாமற் போனது. அவன் இப்போது இறுதியாண்டில் இருக்கிறான். கல்லூரி திறந்ததும் அவனை அழைத்து, அவனுடைய தந்தையைப் பற்றிக் கேட்க வேண்டும்.